மார்கழியிலும் வேர்க்கிறது, டாக்டர்!

போன இதழில் முற்றிய புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கிற சுரப்பி) புற்றுநோய் பற்றி ஒரு வாசகருக்கு நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன். எலும்புக்குப் பரவிய பிறகும் ஹார்மோன் சிகிச்சையில் பல வருடம் இருக்க முடியும், பயப்பட வேண்டாம் என்று. அதற்கப்புறம் வந்த தபாலையும் வாட்ஸப்பையும் படித்தால், இருக்கலாம் சரி, எப்படி இருப்பது என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். இன்னொன்றும் கண்ணில் பட்டது. நோய் ஆம்பளைக்கு, ஆனால் பாதிக்கு மேல் கடிதம் எழுதியிருப்பது மனைவி, மகள், மருமகள். அந்த ஆம்பளைகள் ஆஸ்பத்திரியில் என்ன சொல்லுவார்கள் என்று எனக்குத் தெரியும். "நல்லா இருக்கேன் சார்." முப்பது வருடம் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதைக் கேட்டவன் நான். சீட்டை வாங்கிக்கொண்டு கதவு வரைக்கும் போவார்கள், அப்புறம் அந்த அம்மா மட்டும் திரும்பி வந்து, "ராத்திரி தூங்கறதே இல்லைங்க, உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டார்" என்பார்.

எல்லோரும் பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

எனக்கு 71 வயது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹார்மோன் ஊசி போடுகிறார்கள். மார்கழிப் பனியிலும் நடுராத்திரி திடீரென்று நெஞ்சிலிருந்து முகத்துக்குச் சூடு ஏறி, பனியன் பிழிகிற மாதிரி வேர்த்து, ஐந்து நிமிடத்தில் குளிர் எடுக்கிறது. இது காய்ச்சலா, நோய் ஏறுகிறதா? (திருவண்ணாமலை)

இரண்டும் இல்லை ஐயா. ஊசி வேலை செய்கிறது என்று அர்த்தம். புராஸ்டேட் புற்றுநோய்க்குத் தீனி டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன். அதை ஊசி அடியோடு இறக்கிவிடுகிறது. மூளையில் உடம்புச் சூட்டைப் பார்த்துக்கொள்கிற ஒரு பகுதி இருக்கிறது, ஹார்மோன் இறங்கியதும் அது தடுமாறிப்போய், உடம்பு கொதிக்கிறது என்று தப்பாக நினைத்துக்கொண்டு வேர்க்க வைக்கிறது. மாதவிடாய் நிற்கிற காலத்தில் பெண்களுக்கு வருவதும் இதேதான். (உங்கள் மனைவிக்கு ஐம்பது வயதில் இது வந்தபோது "ஃபேனைக் கூட்டி வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்திருப்பீர்கள். இப்போது அவரிடமே யோசனை கேளுங்கள், நிறைய வைத்திருப்பார்.)

எதைச் சாப்பிட்டால், எதைச் செய்தால் வருகிறது என்று ஒரு வாரம் காலண்டரில் குறித்து வையுங்கள். கொதிக்கக் கொதிக்கக் காபி, காரமான குழம்பு, மது, இறுக்கமான போர்வை, இந்த நாலில் ஒன்று பெரும்பாலும் மாட்டும். நைலக்ஸ் பனியனை விட்டுவிட்டுப் பருத்தி. தலைமாட்டில் ஒரு துண்டு, ஒரு மாற்று வேட்டி, ஒரு சொம்பு தண்ணீர். இதற்கெல்லாம் அடங்காமல் தூக்கம் கெடுகிறது என்றால் மாத்திரை இருக்கிறது. வென்லாஃபாக்சின், மெட்ராக்சி புரோஜெஸ்டிரோன், காபாபென்டின் என்று சில வகை. உங்கள் இதயம், பிரஷர், மற்ற மருந்துகளைப் பார்த்து டாக்டர்தான் எது என்று சொல்ல வேண்டும். ஆனால் நீங்கள் கேட்டால்தானே எழுதுவார்? தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து 100.4 டிகிரி காட்டினால் கதை வேறு, அது காய்ச்சல், அதற்குக் காரணம் தேட வேண்டும். வேர்வைக்குப் பயந்து ஊசியைத் தள்ளிப்போடுவது மட்டும் வேண்டாம்.

என் அப்பாவுக்கு ஊசியோடு, ஹார்மோனை இன்னும் இறக்குகிற அபிராடிரோன் மாத்திரையும் பிரெட்னிசோலோன் என்கிற ஸ்டீராய்டும் கொடுக்கிறார்கள். எந்நேரமும் கட்டிலில்தான். "அசதியா இருக்கு" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. வருகிற உறவினர்கள் எல்லாம் நல்லா ரெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். (மதுரை)

உறவினர்களை காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். இந்த அசதி படுத்தால் தீருகிற அசதி இல்லை. உழைத்த களைப்பு தூங்கினால் போகும். இது ஹார்மோன் இறங்கியதால் சதை கரைந்து, ரத்தம் குறைந்து வருகிற அசதி, படுக்கப் படுக்க இன்னும் சதை கரையும், இன்னும் அசதி ஏறும். கிணற்றில் இறங்குகிற மாதிரிதான்.

முதலில் வேறு காரணம் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். ஹீமோகுளோபின் (ரத்தம் ஊறுவதற்கும் அந்த ஹார்மோன் வேண்டும், அது இல்லாததால் பலருக்கும் குறைகிறது), தைராய்டு, சர்க்கரை, பொட்டாசியம். அபிராடிரோன் சிலருக்கு பொட்டாசியத்தை இறக்கிவிட்டு பிரஷரை ஏற்றும், கால் வீங்கும். மாத்திரை ஆரம்பித்த முதல் சில மாதங்கள் பிரஷர், பொட்டாசியம், ஈரல் பரிசோதனை மூன்றையும் டாக்டர் சொல்கிற தேதியில் தவறாமல் பாருங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் குறைக்கச் சொன்னால் அப்பா கோபப்படுவார், படட்டும்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். அபிராடிரோன் மாத்திரையை எப்போது போடுகிறார்? வழக்கமான அளவு தினம் 1000 மில்லிகிராம், வெறும் வயிற்றில். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் போட்டு, போட்ட பிறகு ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. சாப்பாட்டோடு போட்டால், அதுவும் எண்ணெய்ச் சாப்பாட்டோடு போட்டால், மருந்து பல மடங்கு அதிகமாக உடம்பில் ஏறும். இட்லி சாப்பிட்ட கையோடு எல்லா மாத்திரையையும் சேர்த்து முழுங்குகிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு, இதில் அது ஆபத்து. சாப்பாட்டோடு போனால் அதிகம் ஏறும் என்பதையே பயன்படுத்தி, செலவு தாங்காதவர்களுக்கு 250 மில்லிகிராமைக் காலை உணவோடு கொடுக்கிற டாக்டர்களும் இருக்கிறார்கள், அதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அது டாக்டர் எடுக்க வேண்டிய முடிவு, நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள். பிரெட்னிசோலோனைச் சட்டென்று நிறுத்துவதும் கூடாது, தலைசுற்றி விழுந்துவிடுவார்.

நடைக்கு வருவோம். முதல் வாரம் வாசலிலிருந்து தெருமுனை வரை, தினம் பத்து நிமிடம், வெயில் தாழ்ந்த பிறகு. அதோடு கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து உட்கார்வது, ஐந்து தடவை. அடுத்த வாரம் எட்டு. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துத் தூக்கி இறக்குவது. ஜிம் எல்லாம் வேண்டாம். எலும்பில் நோய் இருக்கிறவர் என்றால் எந்த இடத்துக்குப் பாரம் கொடுக்கக் கூடாது என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு ஆரம்பிக்க வேண்டும். "பால் பாக்கெட் நீங்களே போய் வாங்கிட்டு வாங்கப்பா" என்று ஒரு வேலையைக் கொடுங்கள், உடற்பயிற்சி என்று சொன்னால் நகரமாட்டார்.

என் மாமாவுக்கு (மாமனார்) விரையை எடுத்துவிடும் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று சொல்கிறார்கள். "ஆம்பளையா பொறந்துட்டு அதை மட்டும் செய்யமாட்டேன்" என்று பிடிவாதம். ஊசிக்குப் பணம் புரளாமல் போன தவணை ஏழு வாரம் தள்ளிப் போய்விட்டது. (விருத்தாசலம்)

மாமாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். ஊசி என்ன செய்கிறதோ அதையேதான் ஆபரேஷனும் செய்கிறது. இரண்டிலும் டெஸ்டோஸ்டிரோன் கிட்டத்தட்ட இல்லாமல் போகிறது. ஆசை குறைவது, வேர்ப்பது, எலும்பு தேய்வது எல்லாம் இரண்டுக்கும் பொது. "ஊசி போட்டா ஆண்மை இருக்கும், ஆபரேஷன்னா போயிடும்" என்பது பார்வைக்குத் தெரிகிற வித்தியாசத்தை வைத்து மனசு போடுகிற கணக்கு. அந்தக் கவலைக்கும் வழி உண்டு. உறையை விட்டுவிட்டு உள்ளே உள்ளதை மட்டும் எடுக்கிற முறை இருக்கிறது, வெளியே முழுக்கக் காலியாகத் தெரியாது. சின்ன ஆபரேஷன், ஒரு நாளுக்குள் ஹார்மோன் இறங்கிவிடும். 1941-இல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் என்கிற அறுவை மருத்துவர் காட்டிக்கொடுத்த வழி இது, இதற்காக அவருக்கு 1966-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஏழைக்குக் கொடுக்கிற இரண்டாம் தர வைத்தியம் இல்லை. ஒரே வித்தியாசம், இதைத் திருப்ப முடியாது. ஊசியை நிறுத்தினால் ஹார்மோன் மெல்ல ஏறும்.

ஏழு வாரம் தள்ளிப்போனதில்தான் எனக்குக் கவலை. ஊசி பாதி வருடம், சும்மா பாதி வருடம் என்று நாமாகப் போடுகிற கணக்கில் நோய் தலைதூக்கிவிடும். இன்னொன்று, பெரும்பாலான ஹார்மோன் ஊசிகள் முதல்முறை போடும்போது ஹார்மோனை ஒன்றிரண்டு வாரம் ஏற்றிவிட்டுத்தான் இறக்கும். அந்த நாட்களில் எலும்பு வலி கூடலாம், சிறுநீர் அடைக்கலாம். அதனால்தான் கூடவே சில வாரம், அந்த ஹார்மோனைத் தடுக்கிற பைகாலுட்டமைட் மாத்திரை கொடுப்பார்கள். இடைவெளி விட்டவருக்கு மறுபடி ஆரம்பிக்கும்போதும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணத்துக்கு: அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் கேளுங்கள், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். ஆபரேஷனா ஊசியா என்று முடிவெடுக்க வேண்டியது மாமாதான். மருமகனும் மகளும் வாசலில் நின்று பேசி முடித்துவிட்டு அவரிடம் கையெழுத்து வாங்குகிற வேலை வேண்டாம்.

டாக்டர், இதை எழுதலாமா என்றே தெரியவில்லை. அவருக்கு 66. ஊசி ஆரம்பித்து எட்டு மாதம். பக்கத்தில் வருவதே இல்லை, தனியாகத் திண்ணையில் படுக்கிறார். சீரியல் பார்த்து அழுகிறார், நாற்பது வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. மார்பு வேறு பெண்பிள்ளை மாதிரி வீங்கியிருக்கிறது, சட்டையைக் கழற்றுவதே இல்லை. என்மேல் வெறுப்பா? (பட்டுக்கோட்டை)

எழுதலாம் அம்மா. வந்ததிலேயே நான் முதலில் பதில் சொல்ல நினைத்த கடிதம் இது.

வெறுப்பு இல்லை. ஆசை என்பதே அந்த ஹார்மோனில் ஓடுகிற வண்டி, பெட்ரோலை நிறுத்தியாகிவிட்டது. நாக்குக்கு உப்பு தெரியாமல் போகிற மாதிரி, ஆசை தெரியாமல் போயிருக்கிறது. பக்கத்தில் வந்தால் நீங்கள் எதிர்பார்ப்பீர்கள், தன்னால் முடியாது, அவமானம் என்று நினைத்துத்தான் பல ஆண்கள் திண்ணைக்குப் போகிறார்கள். நீங்கள் வெறுப்பு என்று நினைக்கிறீர்கள், அவர் அவமானம் என்று நினைக்கிறார், இரண்டு பேரும் பேசுவதில்லை. "ஒண்ணும் வேண்டாம், பக்கத்துல வந்து படுங்க, ராத்திரி எனக்குப் பயமா இருக்கு" என்று நீங்களே சொல்லிப் பாருங்கள். விறைப்புக்கு மாத்திரை இருக்கிறது, சிலருக்கு உதவும் (நெஞ்சு வலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தொடவே கூடாது), ஆனால் ஆசையை அந்த மாத்திரை கொண்டுவராது. சேர்ந்து படுக்க ஆசை வேண்டும் என்று கட்டாயமில்லை.

மார்பு வீக்கமும் ஹார்மோன் மாறுவதால்தான், சில மாத்திரைகளில் இன்னும் அதிகம். புதிதாக வீங்கி வலிக்கிற நேரத்தில் சொன்னால் மருந்து கொடுத்துக் குறைக்கலாம், வருடக்கணக்கில் விட்டுவிட்டால் குறைவது கஷ்டம். அதனால் இந்த மாதமே சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் கல் மாதிரிக் கட்டியாக இருந்தால் கட்டாயம் காட்ட வேண்டும்.

அழுகைக்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, ஊசியே மனசை இளக்கிவிடுகிறது, முன்னால் தாங்கிக்கொண்ட சின்ன விஷயத்துக்கெல்லாம் கண் கலங்கும். அதை அவரிடம் சொல்லிவிட்டாலே பாதி தைரியம் வந்துவிடும், "பைத்தியம் பிடிக்குதோ" என்று பயந்துகொண்டிருப்பார். இன்னொன்று, உண்மையான மனச்சோர்வு. சாப்பாடு இறங்கவில்லை, விடிகாலை மூன்று மணிக்கு முழிப்பு, பேரப்பிள்ளை வந்தாலும் முகம் மலரவில்லை, இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அதற்கு வைத்தியம் வேண்டும், வைத்தியத்தில் சரியாகும். "நான் இருந்து என்ன பிரயோசனம்" என்கிற பேச்சு வந்தால் தட்டிக்கழிக்காதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

அப்பாவுக்கு (74) எலும்பில் பரவியிருக்கிறது. முதுகுவலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொள்கிறார். ஊரில் எண்ணெய் போட்டுப் பிடித்துவிடுகிற ஒருவரிடம் வாரம் இரண்டு தடவை போகிறார். ஆஸ்பத்திரியில் மார்ஃபின் எழுதிக்கொடுத்தார்கள், "அது கடைசி மருந்து, போதை" என்று அம்மா பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். நான் துபாயில் இருக்கிறேன். (பரமக்குடி)

தம்பி, இன்று ராத்திரியே வீட்டுக்குப் போன் போட்டு முதலில் பிடித்துவிடுகிறவரிடம் போவதை நிறுத்தச் சொல்லுங்கள். செல்லரித்த உத்தரத்தின் மேல் ஏறி மிதிப்பதும் அதுவும் ஒன்றுதான், முதுகெலும்பு நொறுங்கிவிடும். டைக்ளோஃபெனாக்கும் வேண்டாம். இந்த நோயில் சிறுநீர்ப் பாதை அடைத்துச் சிறுநீரகம் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கலாம், எலும்புக்குப் போடுகிற ஜோலெட்ரோனிக் அமில ஊசியும் சிறுநீரகத்தைத் தொடுகிற மருந்துதான், அதன் தலையில் இதையும் ஏற்றக் கூடாது.

அடுத்து நான் கேட்கிற கேள்விகளை அப்பாவிடம் அப்படியே கேளுங்கள். முதுகுவலி படுத்தால் கூடுகிறதா? இருமினால், தும்மினால் சுரீரென்று பட்டை கட்டின மாதிரி விலாவைச் சுற்றி வருகிறதா? படியேறும்போது கால் மடங்குகிறதா? செருப்பு காலைவிட்டு நழுவுவது தெரியாமல் நடக்கிறாரா? வெளிக்குப் போய்விட்டுக் கால் கழுவும்போது அந்த இடத்தில் தண்ணீர் படுவது தெரியாமல் இருக்கிறதா? ஒன்றுக்குப் போக முக்க வேண்டியிருக்கிறதா, அல்லது தெரியாமல் போய்விடுகிறதா? இதில் ஒன்றுக்கு "ஆமாம், இப்ப கொஞ்ச நாளா" என்றாலும் அன்றே ஆஸ்பத்திரி. நாளைக் காலை இல்லை, அமாவாசை கழித்து இல்லை. முதுகெலும்பில் வளர்கிற கட்டி தண்டுவடத்தை நசுக்குகிறது என்பதற்கு அடையாளம் இவை. கட்டில் பலகையோடு சமமாகப் படுக்கவைத்துக் கூட்டிப்போக வேண்டும், போனதும் "எலும்புக்குப் பரவின புராஸ்டேட் கேன்சர், கால் பலம் குறையுது" என்று அந்த வார்த்தையிலேயே சொல்லச் சொல்லுங்கள். முழு முதுகுக்கும் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள், டெக்ஸாமெத்தசோன் கொடுப்பார்கள், கரண்ட் (கதிர்வீச்சு) வைப்பார்கள் அல்லது ஆபரேஷன். நடந்துகொண்டிருக்கும்போதே போனவர்கள் பெரும்பாலும் நடந்தே திரும்புகிறார்கள். கால் முழுக்க விழுந்த பிறகு போனால் திரும்புவது அபூர்வம். "ரெண்டு நாள் பார்ப்போம்னு இருந்தோம்" என்ற வாக்கியத்தை இனிமேலும் கேட்க எனக்குத் தெம்பில்லை.

அந்த அறிகுறி எதுவும் இல்லை, வலி மட்டும்தான் என்றால், நிம்மதியாகப் பேசலாம். ஒரே இடத்தில் வலிக்கிற எலும்புக்கு ஒரே ஒரு தடவை கரண்ட் வைத்தாலே பலருக்கும் வலி நன்றாகக் குறைகிறது. வைத்த மறுநாள் வலி கொஞ்சம் கூடலாம், பயப்பட வேண்டாம், பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும்.

மார்ஃபின் கடைசி மருந்து இல்லை. வலி இருக்கிறவர் டாக்டர் சொன்ன அளவில் சாப்பிட்டால் போதைக்கு அடிமையாவதும் அபூர்வம். அதை இன்று சாப்பிட்டால் நாளைக்கு வேலை செய்யாது என்பதும் தப்பு, வலி கூடினால் அளவைக் கூட்டிக்கொள்ளலாம். நம் நாட்டில் இந்தப் பயத்துக்குச் சட்டமும் ஒரு காரணம். 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியில் டாக்டர்களே வைத்திருக்கப் பயந்தார்கள், 2014-இல் திருத்தம் வந்த பிறகுதான் கொஞ்சம் தளர்ந்தது. இப்போதும் எல்லாக் கடையிலும் கிடைக்காது. கிடைத்ததை அம்மா பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்! பேரப்பிள்ளைகள் கையில் படாமல் பூட்டுவது சரிதான், வேளைக்கு எடுத்துக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். வலி வந்த பிறகு என்று இல்லை, எழுதியிருக்கிற மணிக்கு.

முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், போய்விடும். மலச்சிக்கல் போகாது. மார்ஃபின் ஆரம்பிக்கிற அன்றே மலமிளக்கி மாத்திரையும் ஆரம்பிக்க வேண்டும், இரண்டும் ஜோடி. வாழைப்பழம் மட்டும் போதாது. மலம் கட்டி வயிறு உப்பி அந்த வேதனையில் மார்ஃபினையே நிறுத்திவிட்டு, வலியோடு கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சிறுநீரகம் சரியில்லை என்றால் மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்ற வேண்டியிருக்கும்.

எலும்பு ஊசி மாதாமாதம் போடுகிறேன். கடைவாய்ப் பல் ஆடுகிறது. பிடுங்கிவிடலாமா? (ஈரோடு)

பொறுங்கள். ஜோலெட்ரோனிக் அமிலம், டெனோசுமாப் இரண்டுமே போடுகிறவர்களுக்குப் பல் பிடுங்கிய இடம் ஆறாமல் தாடை எலும்பு வெளியே தெரிகிற தொந்தரவு சிலருக்கு வரும். பல் டாக்டரிடம் ஊசியின் பெயரைச் சொல்லுங்கள், புற்றுநோய் டாக்டரிடம் பல்லைச் சொல்லுங்கள், இரண்டு பேரும் பேசி முடிவெடுக்கட்டும். இன்னும் ஊசி ஆரம்பிக்காதவர்கள் முதலில் பல்லைக் காட்டி, பிடுங்க வேண்டியதைப் பிடுங்கி, ஆறவிட்டு, அப்புறம் போங்கள். கால்சியம், வைட்டமின் டி எழுதிக்கொடுத்திருப்பார்கள், அதை விட்டுவிடாதீர்கள். வெற்றிலை பாக்கும் புகையிலையும் போடுகிறவர் என்றால் இன்னும் ஜாக்கிரதை.

கீமோ போட்டு ஒன்பதாம் நாள் அவருக்கு 101 காய்ச்சல். பாராசிட்டமால் கொடுத்தேன், இறங்கிவிட்டது. காலையில் போனால் போதுமா? (வேலூர்)

இந்தக் கடிதம் என் கைக்கு வந்தபோது அது நடந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது, அவர் நலமாக இருப்பார் என்று நம்புகிறேன். மற்றவர்களுக்குச் சொல்கிறேன், போதாது. டோசிடாக்சல் என்கிற கீமோ மருந்து போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரை வெள்ளை அணுக்கள் தரைமட்டத்தில் இருக்கும். 100.4 தாண்டினால் ராத்திரி இரண்டு மணியானாலும் ஆட்டோ பிடியுங்கள். மாத்திரை கொடுத்துச் சூட்டை இறக்குவது, கூரையில் தீப்பிடித்திருக்கும்போது புகையை மட்டும் விசிறிவிடுவது மாதிரி.

மாமாவுக்குச் சிறுநீர் டியூப் போட்டிருக்கிறது. ஸ்கூட்டரில் செக்கப்புக்குக் கூட்டிப்போகிறோம். போய்வந்தால் அன்று எரிச்சலும் குளிர்க்காய்ச்சலும். ஏன்? (நாகர்கோவில்)

யூரின் பேக்கை எங்கே மாட்டுகிறீர்கள்? ஹேண்டில்பாரிலா, அவர் மடியிலா? அதுதான் காரணமாக இருக்கும். பை எப்போதும் சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். மடிக்கு ஏறினால் பையில் கிடக்கிற பழைய சிறுநீர், கிருமியோடு உள்ளே திரும்புகிறது. கிளம்புமுன் பையைக் காலி செய்துவிட்டு, தொடையில் பட்டையால் கட்டுகிற சின்னப் பை வாங்கிக்கொள்ளுங்கள், வேட்டிக்குள் தெரியாது. முடிந்தால் ஆட்டோ. குளிர்க்காய்ச்சல் வந்தால் வீட்டில் கஷாயம் வைத்துக்கொண்டு இருக்காமல் காட்டுங்கள். சாதாரண ரப்பர் டியூபைச் சில வாரங்களிலும், சிலிகான் டியூபை அதிகபட்சம் மூன்று மாதத்துக்குள்ளும் மாற்ற வேண்டும், மாற்றிய தேதியைக் காலண்டரில் குறியுங்கள். நாலு மணி நேரமாகப் பையில் ஒன்றும் விழவில்லை, அடிவயிறு கனக்கிறது என்றால் டியூப் அடைத்திருக்கிறது, உடனே போக வேண்டும். தண்ணீர் குடித்தால் பை நிறையுமே என்று குடிக்காமல் இருப்பார், அதைக் கவனியுங்கள்.

முள்ளு சீத்தா இலைக் கஷாயம் கீமோவைவிட ஆயிரம் மடங்கு சக்தி என்று வீடியோ வந்தது. கொடுக்கலாமா? (பொள்ளாச்சி)

வேண்டாம். சோதனைக் குழாயில் செல்லைக் கொல்கிற பொருள் ஆயிரம் இருக்கிறது, பினாயிலும் கொல்லும். கரீபியத் தீவான குவாதலூப்பில் முள்ளு சீத்தாப் பழமும் இலைக் கஷாயமும் வழக்கமாகக் குடிக்கிறவர்களுக்குப் பார்க்கின்சன் மாதிரியான நரம்பு நோய் அதிகம் வருவதை 1999-இலேயே கவனித்திருக்கிறார்கள். சாப்பிடத் தோன்றினால் கடையில் கிடைக்கிற சாதா சீத்தாப்பழம் ஒன்று சாப்பிடட்டும், சர்க்கரை இல்லாதவர் என்றால்.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் நான். பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் ரத்தத்தில் விடுகிற புரதம்) அளவைக் கட்டம் போட்ட நோட்டில் வரைந்து வைத்திருக்கிறேன். 0.8 இருந்தது 1.4 ஆகிவிட்டது. நாலு நாளாகத் தூக்கமில்லை. (கும்பகோணம்)

சார், ஒரு புள்ளியை வைத்துக் கோடு போடலாமா? நீங்களே பையன்களுக்கு மதிப்பெண் போட்டிருக்க மாட்டீர்கள். ஒரே லேபில் சில வாரம் கழித்து மறுபடி எடுங்கள், சிறுநீர்க் கிருமி இருந்தால்கூடக் கொஞ்சம் ஏறும். கூடவே டெஸ்டோஸ்டிரோன் அளவையும் எடுக்கச் சொல்லுங்கள். அது 50-க்குக் கீழே (நானோகிராம், டெசிலிட்டருக்கு) இல்லை என்றால் ஊசியே சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம், அதைச் சரிசெய்ய வேண்டும். அது சரியாக இருந்தும் பி.எஸ்.ஏ. தொடர்ந்து ஏறினால், எவ்வளவு வேகமாக இரட்டிக்கிறது, வலி இருக்கிறதா, ஸ்கேன் என்ன சொல்கிறது என்று சேர்த்துப் பார்த்துத்தான் அடுத்த மருந்து. அடுத்தது என்று நிறையவே இருக்கிறது: வேறு மாத்திரை, கீமோ, லுட்டீசியம் என்கிற கதிர்மருந்து, பிராக்கா என்கிற மரபணுவில் பிழை இருக்கிறவர்களுக்குத் தனி மாத்திரை. அந்தப் பிழை இருந்தால் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும், மகளுக்கும்தான், மார்பகப் புற்றுநோயோடு அதற்குத் தொடர்பு உண்டு. நோட்டை வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்து வைத்துவிடுங்கள், அடுத்த ரத்தப் பரிசோதனை அன்று வாங்கிக்கொள்ளலாம்.

வயது 79. ஊசி, மாத்திரை, இரண்டு சுற்றுக் கீமோ எல்லாம் ஆயிற்று. மறுபடி கீமோ என்கிறார்கள். எனக்குப் போதும் என்றிருக்கிறது. பிள்ளைகள் விடமாட்டேன் என்கிறார்கள். தை மாதம் பேத்தி கல்யாணம், அதில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். வேறு ஆசை இல்லை. (காரைக்குடி)

ஐயா, உங்கள் கையெழுத்து இன்னும் நடுங்கவில்லை, முதலில் அதற்குச் சந்தோஷம்.

போதும் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. பிள்ளைகள் பயப்படுவது, நிறுத்தினால் அப்பாவைக் கைவிட்ட மாதிரி ஆகிவிடுமே என்று. கீமோவை நிறுத்துவது வேறு, வைத்தியத்தை நிறுத்துவது வேறு என்று அவர்களுக்குப் புரியவைக்க வேண்டும். வலி, மூச்சு, மலச்சிக்கல், தூக்கம் எல்லாவற்றையும் கடைசி நாள் வரை பார்த்துக்கொள்கிற வலி தணிப்பு வைத்தியம் என்று தனியாகவே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் பெரிய பிள்ளையைக் கூட்டிப்போய், அவன் முன்னாலேயே டாக்டரிடம் கேளுங்கள்: "இந்தக் கீமோ போட்டா எனக்கு என்ன கிடைக்கும், போடாட்டா என்ன ஆகும், எத்தனை நாள் படுக்கையில் போகும்?" பதிலை அவனும் கேட்கட்டும்.

கல்யாணத்துக்கு வருவோம். தேதியை டாக்டரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், எந்த வைத்தியம் ஆனாலும் அதைச் சுற்றித்தான் திட்டம் போட வேண்டும். பத்து நாள் முன்னால் ஹீமோகுளோபின் பார்த்து, குறைந்திருந்தால் ரத்தம் ஏற்றிக்கொள்ளலாம், முகம் தெளிந்துவிடும். மண்டபத்தில் மேடைக்குப் பக்கத்தில் கைப்பிடி வைத்த, உயரமான நாற்காலி ஒன்று போடச் சொல்லுங்கள், சோஃபா வேண்டாம், அதில் உட்கார்ந்தால் எழ முடியாது. கழிப்பறை கிட்ட இருக்கிற மண்டபமா என்று பெண் வீட்டுக்காரர்கள் என்ற முறையில் நீங்களே போய்ப் பார்த்துவிடலாம். வழக்கமான வேளை மாத்திரை போக, இடையில் வலி வந்தால் போட எழுதிக்கொடுத்திருக்கிற மாத்திரையை முகூர்த்தத்துக்கு அரைமணி முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். மீதியை ஒரு பேரன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாற்காலிக்குப் பின்னாலேயே நிற்கட்டும். பந்தியில் உட்கார முடியாவிட்டால் பரவாயில்லை, இலையை உங்கள் இடத்துக்கே கொண்டுவரச் சொல்லுங்கள், பாயசம் மட்டும் போதும்.